நீ வீட்டில்தான் இருந்தாய்

அன்புள்ள பிள்ளைக்கு,

உனக்கு ஒரு நீளமான கடிதம் எழுத வேண்டும் என்பது என் பழைய ஆசை. அதை உன் கலியாணத்துக்கு முதல்நாள் எழுதி, நீ கொண்டுபோகும் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டிய புத்திமதிகளைக்கூடப் பஸ் ஓட்டும்போது மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். இப்போது பார், அந்த முதல் கடிதத்தை மறியல் வீட்டு விலாசத்துக்கு, சிறைச்சாலைக்கு, எழுதிக்கொண்டிருக்கிறேன். மறியல் என்ற சொல்லை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இதன் ஒரு பிரதியை எங்கள் சங்கத்து மலருக்கும் கொடுக்கப்போகிறேன். தொலைபேசியில் நான் அனுமதி கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "போடுங்கோ அப்பா. ஆனா என்னை நல்ல பிள்ளையாக் காட்டி எழுதாதேங்கோ." சரி. காட்டவில்லை.

நான் இன்னும் ஆடிப்போய்த்தான் இருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த நகரத்தில் இத்தனை வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன், வேகத்துக்கென்று ஒரு தண்டம் கட்டியதில்லை. கோயிலிலும் கலியாண வீடுகளிலும் யார் காது கொடுத்தாலும் அதைச் சொல்லாமல் விட்டதும் இல்லை. அப்படிப்பட்டவனுடைய மகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை விமான நிலையத்துக்குப் போகிற பெருந்தெருவில் பொலிஸ் மறித்து, அந்த இடத்திலேயே லைசென்ஸைப் பறித்து, காரையும் தெருவோரம் விட்டுவிட்டு வரச் செய்தது. நீ வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆருக்கு என்ன நடந்தது?" என்பதுதான். யாருக்கோ நெஞ்சுவலி, யாரையோ விமானம் ஏற்ற வேண்டும், அல்லது யாரோ உன்னைத் துரத்தினார்கள், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று நம்பினேன். நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை அப்பா. றோட்டு வெறுமையாக் கிடந்தது. வெயில் அடிச்சது. நல்லாயிருந்தது." நல்லாயிருந்ததாம்!

உனக்குக் கார் பழக்கியவன் நான். பின்கண்ணாடியில் சிவப்பு எல் ஒட்டிக்கொண்டு, ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் நாங்கள் சுற்றிய சுற்று எத்தனை! நான் "மெல்ல, மெல்ல" என்று கத்துவேன். நீ, "அப்பா, நிண்டுகொண்டிருக்கிற கார் இதை விட மெல்லப் போகாது" என்பாய். அந்தக் காலத்திலேயே உன் வலக்கால் பொறுமையில்லாதது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ படித்தவள், மருந்துக்கடையில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, ஒரு மருந்துச் சீட்டை மூன்று தரம் சரிபார்த்துக் கொடுப்பவள். அந்தப் பிள்ளையும் நூற்றி எண்பதுக்கு மேல் ஓடின பிள்ளையும் ஒன்றுதான் என்பது எனக்குள் இறங்கவே இல்லை. நீதிமன்றம் உனக்குச் சில கிழமை சிறை என்றதும் அம்மா, "ஆரையும் இடிக்கேல்லை, ஆரும் சாகேல்லை, இதுக்குப்போய் மறியலோ?" என்று அழுதாள். நான் அழவில்லை. அந்த வேகத்தில் நீ யாரையும் இடிக்காமல் விட்டது உன் கெட்டித்தனம் இல்லை, யாரோ ஒருவர் அந்த நேரம் தெருவுக்கு வராமல் இருந்த புண்ணியம். தீர்ப்பு சரியானது. இதை உனக்கு நேரே சொல்லவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

பிறகுதான் இந்தக் காற்பட்டிக் கதை வந்தது. சிறைக்குப் போகாமல் வீட்டிலேயே தண்டனையைக் கழிக்கலாம், காலில் ஒன்றைப் பூட்டுவார்கள், வேலைக்குப் போகலாம், வேலை முடிந்தால் நேரே வீடு, வீட்டை விட்டு ஓரடி வெளியே வைத்தாலும் அவர்களுடைய கந்தோரில், அலுவலகத்துக் கணினியில், தெரியும் என்று நீ விளக்கினாய். நோர்வேஜிய மொழியில் அதற்குக் காற்சங்கிலி என்றுதான் பெயர். அம்மா உண்மையிலேயே இரும்புச் சங்கிலி வரப்போகிறது என்று நினைத்து, உன் தோல் உரிந்துவிடும் என்று தேங்காயெண்ணெய் எடுத்து வைத்தாள். வந்தது கறுப்பு நிறக் கைக்கடிகாரப் பட்டி மாதிரி ஒன்று.

அதைப் பூட்டுவதற்கு முன் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும். உன்னையும் அம்மாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாகச் சமையலறையில் வைத்துக் கேட்டாள்: "உங்கள் மகள் இந்த வீட்டில் தண்டனையைக் கழிப்பதற்கு உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். ஏன் என்று கேட்கமாட்டோம்." ஐயோ கடவுளே, எந்த நாட்டு அரசாங்கம் தகப்பனிடம் வந்து, உன் மகளை உன் வீட்டில் மறியல் வைக்கலாமா என்று கேட்கும்? எங்கள் ஊரில் யுத்த காலத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் எந்தத் தகப்பனைக் கேட்டுக் கொண்டுபோனார்கள்? நான் "ஓம், ஓம்" என்று தமிழில் சொல்லிப் பிறகு அவர்கள் மொழியிலும் சொன்னேன். அம்மாவையும் அப்படியே தனியாகக் கேட்டார்கள். அவளும் ஓம் என்றாள்.

பிறகு உன் காலில் பட்டியைப் பூட்டி, ஹாலில் ஒரு பெட்டியை வைத்து, உன்னை அறை அறையாக நடக்கவிட்டு அளந்தார்கள். பால்கனி வரைக்கும் சரி. மாடிப்படி கூடாது. நிலவறைக்குப் போகவே கூடாது. எங்கள் குரோருட் குடியிருப்பில் உடுப்புத் தோய்க்கிற இடமும் அரிசிப் பைகள் வைக்கிற களஞ்சிய அறையும் நிலவறையில்தான் என்பதால், அன்றிலிருந்து உன் உடுப்பைத் தோய்க்கக் கொண்டுபோனவன் நான். அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எனக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

அந்தக் கிழமையே கோயிலில் ஒருவர், "மகளைக் காணேல்லை?" என்று கேட்டார். என் வாய், என்னைக் கேட்காமலே, "ட்ரொண்ட்ஹெய்முக்கு ஒரு கோர்ஸுக்குப் போட்டாள்" என்று சொல்லிவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவ்வளவுதான், நீ ட்ரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டாய். வேலைக்கு நீ காலை இருட்டோடு போய், மாலை இருட்டோடு வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஒஸ்லோவில் எந்த நேரத்தில் எந்த வீட்டில் இருப்பாள் என்று அரசாங்கமே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே தமிழ்ப்பெண் நீ. உன்னைத்தான் நாங்கள் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். இதைக் கேட்டபோது நீ சிரித்தாய். "இது எங்கடை பழைய விளையாட்டுத்தானே" என்றாய்.

அந்த விளையாட்டை நான் மறந்திருந்தேன். நீ சின்னவளாக இருந்தபோது, ஞாயிறு மத்தியானங்களில் கலைவிழாவுக்கு டிக்கெட் விற்கிறவர்கள் வீடு வீடாக வருவார்கள். கீழே மணி அடித்தவுடன் நான் டிவியை நிறுத்துவேன், அம்மா அடுப்பை நிறுத்துவாள், நீ மேசைக்குக் கீழே போய் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாய். அவர்கள் போனதும் நீ கைதட்டி, "நாங்கள் வீட்டை இல்லை! நாங்கள் வீட்டை இல்லை!" என்று துள்ளுவாய். எங்களுக்கு அது பெரிய பகிடி. அந்தப் பகிடியைத்தான் இருபத்தேழு வயதுப் பெண்ணை வைத்து விளையாடினோம். மணி அடித்தால் நீ உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாய். நான் உன் சப்பாத்துகளை எடுத்து அலுமாரிக்குள் வைப்பேன். ஒருவரும் உனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. நீ எங்கள் முகத்தைப் பார்த்தாய், அது போதுமாயிருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், தொலைபேசி எடுக்காமல் வருகிற மனிதர். "சொல்லிப்போட்டு வந்தா அது சொந்தமோ, டொக்டரிட்டைப் போற மாதிரியெல்லோ" என்று பகிடி விடுவார். மணி அடித்தது. "மச்சான், கதவைத் திற! கலியாணம் சொல்ல வந்திருக்கிறம்!" வெற்றிலையும் குங்குமமும் வைத்த தட்டத்தோடு கலியாணம் சொல்ல வருகிறவர்களை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப எந்தத் தமிழ் வீட்டுக்காரனுக்கு மனம் வரும்? நீ அறைக்குள் போனாய். மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமியின் தோளில் அவர்களுடைய கைக்குழந்தைப் பேத்தி நித்திரை.

அம்மா தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்தாள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அப்போது மாமி எழும்பி, "இவளை ஒருக்காக் கிடத்துவம். பிள்ளையின்ரை அறை சும்மாதானே கிடக்கு?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "பொறுங்கோ மச்சாள், கட்டிலைத் தட்டித் தாறன்" என்று அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். நான் இருமினேன், இருமினேன், நெஞ்சு நோகும்வரை இருமினேன். மாமி கதவைத் திறந்தாள். அறை வெறுமையாக இருந்தது. குழந்தையைக் கிடத்திவிட்டு வந்து இருந்தாள். நீ அலுமாரிக்குள் நிற்கிறாய் என்று நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் பிள்ளை, எனக்கு ஆறுதலாக இருந்தது. கெட்டிக்காரி என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் தொலைபேசி அடித்தது. நிற்காமல் அடித்தது. "உள்ளை ஆற்றையோ போன் அடிக்குது" என்றார் மாமா. "விட்டிட்டுப் போட்டாள், மறதிக்காரி" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். தலையணைக்குக் கீழே கிடந்தது. குழந்தை சிணுங்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தொலைபேசியை எந்த நேரமும் நீ எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பிழை என்று அந்தப் பெண் அதிகாரி என் முன்னால்தான் சொன்னாள். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு அலுமாரிக்குக் கிட்டப் போய், "போனை நிப்பாட்டிப்போட்டன். அவை போகுமட்டும் அசையாமல் நில்லு" என்று குசுகுசுத்தேன். பதில் இல்லை. திறந்தேன். உன்னுடைய மாரிக்காலக் கோட்டுகள் தொங்கின. நான் கோட்டுகளோடு கதைத்திருக்கிறேன்.

பால்கனியில் இல்லை, குளியலறையில் இல்லை. உன் சப்பாத்து அலுமாரிக்குள் அப்படியே இருந்தது. அப்போதுதான் விளங்கியது, அம்மா கத்தின சத்தத்தில் நீ உன் அறைக்குப் பக்கத்திலிருக்கிற வாசற்கதவால், வெறும் காலுறையோடு மாடிப்படியில் இறங்கியிருக்கிறாய். நிலவறை கூடாது என்று உனக்குத் தெரியும். பட்டி கத்தும், அவர்கள் வருவார்கள், மிச்சத்தைச் சிறையில் கழிக்க நேரும் என்று எங்கள் மூன்று பேரிலும் வடிவாகத் தெரிந்தவள் நீ. தெரிந்துகொண்டே இறங்கினாய், மாமி அந்தக் கதவைத் திறக்கும்போது உன் அப்பாவின் மானம் போய்விடக்கூடாது என்று. நான் வாசலுக்குப் போக முன்னரே திரும்பவும் மணி அடித்தது.

இரண்டு பேர் நின்றார்கள், அந்தப் பெண்ணும் இன்னொருவரும். பக்கத்தில்தான் எங்கேயோ ரோந்தில் இருந்திருக்கிறார்கள். "மகள் வீட்டில் இருக்கிறாளா?" என்று கேட்டார்கள். ஊர் முழுக்க நீ இல்லை என்று சொன்ன நாளெல்லாம் நீ இருந்தாய். இவர்கள் கேட்டபோது நீ இல்லை. எனக்குப் பின்னால் மாமா தட்டத்தோடு எழும்பி வந்து நின்றார். அவருக்கு நோர்வேஜிய மொழி என்னை விட நன்றாக விளங்கும். அந்த நேரம் நீ படியேறி வந்தாய். கையில் ஒரு அரிசிப் பையை அணைத்துக்கொண்டு, காலுறை முழுக்கத் தூசியோடு, காற்சட்டை விளிம்பு மடிந்து அந்தக் கறுப்புப் பட்டி அப்படியே தெரிய வந்தாய். "அரிசி எடுக்கப் போனேன். என் பிழை" என்றாய் அவர்களிடம். ஏன் தொலைபேசி எடுக்கவில்லை என்று கேட்டாள். சார்ஜ் முடிந்திருக்கும் என்றாய். காட்டச் சொன்னாள். நீ போய்த் தலையணைக்குக் கீழே தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து, என்னைப் பார்த்தாய். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ஏன் அணைத்தீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"விருந்தினர் வந்திருந்தார்கள்" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வேறு ஒன்றும் இல்லை, பிள்ளை. அதுதான் முழுக் காரணம். மாமி, "ட்ரொண்ட்ஹெய்ம் எண்டு சொன்னியள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மாமா தட்டத்தை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டி, "கட்டாயம் எல்லாரும் வரவேணும்" என்று முறைப்படி சொன்னார். மாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் போனார்கள்.

அடுத்த கிழமை முழுவதும் நான் செத்துப் பிழைத்தேன். உன்னைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றே இருந்தேன். அவர்களுடைய கந்தோருக்கு நானே போய், தொலைபேசியை அணைத்தவன் நான், ஒளித்து வைத்ததும் நாங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். நீ தொடர்ந்து வீட்டில் இருக்கலாம் என்றார்கள். அம்மா உடனே பால்பொங்கல் வைத்தாள். நீ சாப்பிட்டாய். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மிகச் சாதாரணமாகச் சொன்னாய்.

"அப்பா, நான் மிச்சத்தை உள்ளை போய் இருக்கப்போறன். கேட்டு எழுதிப்போட்டன்."

"உனக்கென்ன விசரோ? அவையே விட்டிட்டினம். நீ ஏன் போறாய்?"

"எனக்கு இஞ்சை இருக்கேலாது."

"இஞ்சை என்ன குறை உனக்கு? சொல்லு! என்ன குறை விட்டனாங்கள்?"

"ஒரு குறையும் இல்லை. ஆனா அங்கை ஆரும் வந்து என்னைக் கேட்டா, ஓம், இருக்கிறாள் எண்டு சொல்லுவினம்."

நான் எத்தனையோ தரம் அடிபட்டிருக்கிறேன், பிள்ளை. ஊரிலும் பட்டேன், வந்த வழியிலும் பட்டேன். இப்படி ஒன்று எனக்கு விழுந்ததில்லை. நீ கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. அம்மா அகப்பையோடு நின்றபடி நின்றாள். அந்தப் பெண் சமையலறையில் என்னைத் தனியாகக் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கேட்டது இந்த வீட்டில் உனக்கு இடமிருக்கிறதா என்று. நான் ஓம் என்று இரண்டு மொழியில் சொல்லியிருந்தேன்.

உன்னைக் கொண்டுபோய் விட நான்தான் கார் எடுத்தேன். ஒஸ்லோவைத் தாண்டியபின் நீ வேகமானியை எட்டிப் பார்த்து, "இந்த றோட்டிலை எண்பதிலை போகலாம் அப்பா" என்றாய். "தெரியும்" என்றேன். எனக்குப் பின்னால் கார்கள் வரிசையாக வந்து ஹோர்ன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிறை வாசலில் நின்றவர் உன் பெயரைக் கேட்டார். நீ உன் முழுப் பெயரையும், என் பெயரோடு சேர்த்து, சத்தமாகச் சொன்னாய்.

போன சனிக்கிழமை மாமா வீட்டுக் கலியாணம். அம்மா வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் கோயில் ஆள் அதே கேள்வியோடு வந்தார். "என்ன, மகள் இன்னும் ட்ரொண்ட்ஹெய்மிலையோ?" நான் வாயைத் திறக்க முன்னர் பின்னால் நின்ற மாமா முந்திக்கொண்டார். "அவளுக்கு லீவு கிடைக்கேல்லை, நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர்! எங்களுக்காக, தன் மகளின் கலியாணத்தன்று, நான் தொடக்கிய பொய்யைத் தூக்கிச் சுமக்கிறார். இப்படியே விட்டால் இந்த ஊரே சேர்ந்து, அன்பாக, உன்னை இல்லாமல் ஆக்கிவிடும்.

"இல்லை" என்றேன். "ட்ரொண்ட்ஹெய்ம் எண்டு நான் சொன்னது பொய். அவள் மறியலிலை இருக்கிறாள். கார் வேகமா ஓடினதுக்கு. வாற மாதம் வீட்டை வருவாள்."

அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள். மேசையில் இரண்டு பேர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை. கோயில் ஆள் பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டக் குனிந்து, "எத்தினையிலை ஓடினவள்?" என்று கேட்டார். சொன்னேன். "அம்மாடி! என்ன காரப்பா அது?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பஸ்காரன் மகளைப் பார் என்று இனி என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

புத்திமதி சொல்ல என்று தொடங்கிய கடிதம், சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் முடிகிறது. காரை மெல்ல ஓடு. அதற்கு மேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. உன் சப்பாத்துகளை அலுமாரியிலிருந்து எடுத்து வாசலில், முன்பு இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். நேற்று வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "மகள் வந்திட்டாளோ?" என்று கேட்டார். "இல்லை, வரப்போறாள்" என்றேன்.

நீ வந்த பிறகு மணி அடித்தால், பிள்ளை, நான் எழும்பமாட்டேன். டிவியையும் நிறுத்தமாட்டேன். நீ போய்க் கதவைத் திற.

அப்பா